மூன்று வருடம் டெஸ்டர். இனி கோடிங் டீச்சர் ஆகலாமா?

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 27. கோவையில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடம் மேனுவல் டெஸ்டராக, அதாவது மென்பொருளைக் கையால் ஓட்டிப் பார்த்துத் தப்புத் தேடுபவராக, வேலை பார்த்தார். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. அப்பா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். இடையில், பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கோடிங் சொல்லித்தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். வகுப்புக்கு 220 ரூபாய். மாதம் 60 வகுப்பு வரை கிடைக்கிறது. அது போக மாதம் இருபது டெமோ வகுப்புகள், அவற்றுக்குக் காசில்லை. கையில் தரும்போது 10 சதவீதம் 'பிடித்துக்கொள்கிறார்கள்'. விலகினால் இரண்டு வருடம் வேறெங்கும் கோடிங் கற்பிக்கக் கூடாது, மீறினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. டிகிரி சர்டிபிகேட்டின் ஒரிஜினலையும் 'சரிபார்க்க' என்று வாங்கியவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்போது பக்கத்திலுள்ள ஒரு தனியார் பள்ளியில் கோடிங், ரோபாட்டிக்ஸ் வகுப்பெடுக்க ஓர் ஏஜென்சி கூப்பிடுகிறது. பீரியடுக்கு 400 ரூபாய், வாரம் 12 பீரியட். வீட்டு மாடி அறையில் சொந்தமாக வகுப்பு நடத்தவும் ஆசை. அப்பா 'பி.எட். முடித்துவிடு, கவர்மென்ட் டீச்சர் ஆகிவிடலாம்' என்கிறார். தம்பி 'இனிமேல் புரோகிராம் எல்லாம் ஏஐ எழுதிவிடும், உன்னிடம் யார் வந்து படிப்பார்கள்' என்கிறான். 45,000 ரூபாய் கட்டினால் 'சர்வதேச கோடிங் பயிற்றுநர்' என்று சர்டிபிகேட் தரும் ஒரு படிப்பு போனில் அடிக்கடி கண்ணில் படுகிறதாம். கடன் வாங்கிச் சேரலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசிப் பாரா இது: "நான் கோட் எழுதியவள் இல்லை, டெஸ்ட் பண்ணியவள். போன மாதம் ஒரு பையன், 'ஏன் மிஸ் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது?' என்று கேட்டான். பதில் தெரியாமல் நெட் கட் ஆன மாதிரி நடித்துவிட்டேன். எனக்கு இந்தத் தகுதி இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பாராவிலிருந்தே தொடங்குகிறேன். நெட் கட் ஆன மாதிரி நடித்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. எந்த நாளில் சொன்னாலும் நம்புவார்கள்.

நானும் நடித்திருக்கிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். ஒருநாள் போர்டில் 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதினேன். முன் வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, "மிஸ், இது கணக்குப்படி தப்பு. ரெண்டு பக்கமும் எக்ஸை எடுத்தா பூஜ்ஜியம் ஈக்குவல் ஒண்ணுன்னு வருது" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா, எழுதிக்கோ" என்றேன். எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை. கணக்கில் 'சமம்' என்று படிக்கும் குறி, புரோகிராமில் 'இதை அதில் போடு' என்ற கட்டளை. கூடையில் ஏற்கெனவே உள்ளதோடு ஒன்றைச் சேர்த்து அதே கூடையில் திரும்பப் போடு என்பதுதான் அந்த வரி. இப்படிச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் காமர்ஸ் குரூப் எடுத்துப் போய்விட்டாள்.

உங்கள் பையனின் கேள்விக்கும் அப்படி ஒரு பதில் உண்டு. பட்டியலின் முதல் பொருளுக்குக் கம்ப்யூட்டர் 0 என்று எண் போடுகிறது. அந்த எண்ணை 'எத்தனையாவது' என்று படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 'தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம்' என்று படிக்கச் சொல்லுங்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பவருக்கு பஸ் ஸ்டாண்ட் எத்தனை கிலோமீட்டர்? பூஜ்ஜியம். மெமரியில் பட்டியல் தொடங்கும் இடத்திலேயே முதல் பொருள் இருக்கிறது, அதனால் அதன் தூரம் பூஜ்ஜியம். அடுத்தது ஓர் அடி தள்ளி. அவ்வளவுதான்.

இந்தப் பதில் தெரியாமல் போனது தகுதிக் குறைவு இல்லை. கோட் எழுதுவது ஒரு தொழில், அதைச் சொல்லிக்கொடுப்பது வேறொரு தொழில். இரண்டாவதற்கு வேண்டியதில் பாதியை நீங்கள் டெஸ்டிங்கில் கற்றுவிட்டீர்கள், அதைத்தான் குறையாக எழுதுகிறீர்கள். மூன்று வருடம் என்ன செய்தீர்கள்? எந்தப் பட்டனை எந்த வரிசையில் அமுக்கினால் தப்பு வருகிறது என்று தேடிப் பிடித்து, என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று இரண்டு கட்டமாக எழுதி டெவலப்பருக்கு அனுப்பினீர்கள். ஒரு பிள்ளை எந்த இடத்தில், என்ன நினைத்துக்கொண்டு தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிப்பதும் அதே வேலை. நன்றாகக் கோட் எழுதுகிற பலருக்கு இது வராது. தனக்கு எளிதாக வந்தது அடுத்தவனுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களுக்குப் புரிவதே இல்லை.

பிரிட்டனில் சூ சென்டன்ஸ் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கோடிங் வகுப்புகளுக்காக 'பிரிம்' என்று ஒரு முறையை வகுத்தார்கள். பிள்ளைகளிடம் ஓடுகிற புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, ஓட்டுமுன் என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஓட்டிப் பார்ப்பது, ஏன் அப்படி வந்தது என்று துருவுவது, கொஞ்சம் மாற்றுவது. எல்லாம் முடிந்த பிறகே சொந்தமாக எழுதுவது. உங்களுடைய 'என்ன வர வேண்டும், என்ன வந்தது' கட்டங்கள்தான் இவை.

ஒரு உதாரணம். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) போட்டு, ரேஞ்ச் என்பதற்கு அடைப்புக்குள் 1, 36 என்று கொடுத்து, எத்தனை வளைவு வரும் என்று கேளுங்கள். எல்லோரும் 36 என்பார்கள். ஓட்டினால் 35-இல் நின்றுவிடும். 'மிஸ், பஸ் கடைசி வளைவுக்கு முன்னாடியே நின்னுடுச்சு' என்று ஒரு குரல் வரும். ரேஞ்சில் இரண்டாவது எண் போய்ச் சேரும் இடமில்லை, அதைத் தொடுமுன் நிற்க வேண்டிய எல்லை என்று அப்போது சொன்னால், அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் அதை மறக்காது. இதையே ஸ்லைடில் முதலிலேயே எழுதிக் காட்டினால் அடுத்த வாரம் ஒருவருக்கும் நினைவிருக்காது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பிள்ளை என்ன நினைத்தது, எங்கே தடுக்கியது, எதைச் சொன்னதும் தெளிந்தது. கைவசம் நூறு பதிவு சேரட்டும். உங்கள் தகுதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

45,000 ரூபாய் சர்டிபிகேட்

வேண்டாம். கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். வீட்டில் கோடிங் வகுப்பு நடத்த அப்படி ஒரு சர்டிபிகேட் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளிகள் கேட்பது டிகிரி. பெற்றோர் கேட்பது 'பக்கத்து வீட்டுப் பையன் உங்களிடம் படித்தானா' என்பது. நானும் ஒரு காலத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி இப்படி ஒன்று வாங்கினேன். குன்னூர் ஈரத்தில் பூசணம் பூத்து பீரோவுக்குள் கிடக்கிறது. இன்றுவரை ஒருவரும் அதைக் காட்டச் சொன்னதில்லை.

பாடத்தில் பலம் சேர்க்க வேண்டுமானால் காசில்லாமலே வழி இருக்கிறது. ஸ்வயம், என்பிடெல் தளங்களில் கல்லூரித் தரத்தில் பைத்தான் பாடங்கள் உண்டு; தேர்வெழுதினால் மட்டும் கட்டணம். ஐஐடி பம்பாய் நடத்தும் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. உங்களைவிட உங்கள் மாணவர்களுக்கு அது அதிகம் உதவும்.

அந்த ஒப்பந்தம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த ரக ஒப்பந்தங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன, அதனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் எதையும் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகும் இரண்டு வருடம் யாருக்கும் கோடிங் சொல்லித்தரக் கூடாது என்ற ஷரத்து இதில் அடிபட்டுப் போகும் வாய்ப்பே அதிகம். ஒரு லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே ஒரு லட்சம் வாங்கிவிடவும் முடியாது. 74-ஆவது பிரிவின் கீழ், குறித்த தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர்களிடம் இருந்துகொண்டே வேறு இடத்தில் வகுப்பெடுக்கக் கூடாது என்ற பகுதி பொதுவாகச் செல்லும். அதனால் பள்ளி வேலையைத் தெரியாமல் தொடங்கிவிட்டு இதையும் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்து, அதற்கு ஈடாகக் குறைந்தபட்சக் காலம் கேட்டிருந்தால் அதுவும் வேறு விஷயம். இரண்டு நாள் ஆன்லைன் கூட்டத்தைப் பயிற்சி என்று எழுதியிருந்தால் அதன் கனம் குறைவு. விலகும்போது அவர்களுடைய ஸ்லைடுகளையும் பெற்றோரின் போன் நம்பர்களையும் எடுத்துவராதீர்கள், உண்மையான வம்பு அங்கேதான் இருக்கிறது. நீங்களே தயாரித்த பாடங்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வகுப்புக்கு இவ்வளவு என்று வெளியிலிருந்து எடுப்பவர் எழுதியது, உரிமையை எழுதிக்கொடுத்துவிடாதவரை அவருக்கே சொந்தம். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தாயிற்றா என்று தேடுங்கள்.

டிகிரி ஒரிஜினலைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. முதலில் தேதி குறித்து மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஒப்பந்தத்தை முழுக்க வக்கீலிடம் காட்டிக் கேட்கவும் இதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 10 சதவீதத்தில் மட்டும் நிறுவனத்தின் மேல் தப்பில்லை என்று நினைக்கிறேன். அது டிடிஎஸ். உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டும் வரி. உங்கள் வருமானத்துக்கு வரியே வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தை எடுத்து, பிடித்த பணத்தை உண்மையிலேயே கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டாமல் வைத்திருந்தால் அப்போது கோபப்படலாம்.

220-ம் 400-ம்

சம்பளம் 220 என்று எழுதியிருக்கிறீர்கள். 60 வகுப்புக்கு 13,200. ஆனால் நீங்கள் திரைக்கு முன் உட்கார்வது டெமோவையும் சேர்த்து 80 மணி நேரம். ஒரு மணிக்கு 165 ரூபாய். 2020 பொதுமுடக்கத்தில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கோடிங் என்றொரு அலை கிளம்பியதும், ஆறு வயதுக் குழந்தை ஆப் எழுதிக் கோடீஸ்வரனாகும் என்ற ரீதியில் விளம்பரங்கள் வந்ததும், சிலவற்றை விளம்பரத் தரக் கவுன்சில் நிறுத்தச் சொன்னதும் நினைவிருக்கும். பள்ளிகள் திறந்ததும் அலை வடிந்துவிட்டது. அந்தத் தொழிலில் இப்போது டெமோ வகுப்பு என்பது விற்பனை வேலை. அதைச் சம்பளமில்லாமல் செய்வது ஆசிரியர்.

பள்ளி வாய்ப்பைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு: வாரம் 12, மாதம் 48 பீரியட், 19,200 ரூபாய், வருடத்துக்கு 2,30,400. இங்கேதான் தப்பு. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு வாரங்களில் கோடிங் பீரியடைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆண்டு விழா ஒத்திகைக்கும் அதே பீரியட்தான் போகும். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடிவிடும். நீலகிரியில் இருந்துகொண்டு மழை விடுமுறையை மறக்கலாமா? ஜூலையில் ஒரு சுற்று, வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு சுற்று என்று கலெக்டர் அறிவிக்கும் விடுமுறை ஒவ்வொன்றும் உங்கள் கையிலிருந்து போகும் காசு. உருப்படியாக 30 வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 12, 30, 400 மூன்றையும் பெருக்கினால் 1,44,000. மாதச் சராசரி 12,000.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அறையில் ஒரே நேரத்தில் 40 பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பீர்கள். ஆன்லைனில் ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தில் கற்பதை அங்கே ஒரு பருவத்தில் கற்றுவிடலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஏஜென்சியிடம் பேசுங்கள். பீரியட் கணக்கை விட்டுப் பத்து மாதத்துக்கு நிலையான மாதத் தொகை கேளுங்கள். குறைந்தது, பள்ளி ரத்து செய்யும் பீரியடுக்குப் பாதியாவது கேளுங்கள். பணம் எந்தத் தேதியில் வரும், 40 பிள்ளைகளுக்கு எத்தனை ரோபாட்டிக்ஸ் கிட், ஒன்று உடைந்தால் யார் கட்டுவது? எழுத்தில் வாங்குங்கள். பழைய ஒப்பந்தத்தில் இருந்த 'இரண்டு வருடம்' இங்கேயும் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பிரின்சிபாலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுங்கள். ஏஜென்சி நாளைக்கே மாறலாம், பள்ளி அங்கேயேதான் இருக்கும்.

கிட் ஐந்துதான் வந்தது என்றால் (அப்படித்தான் வரும்) கலங்க வேண்டாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் சகாக்களும் கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கற்பிக்கும் 'அன்பிளக்டு' விளையாட்டுகளை உருவாக்கியிருக்கிறார்கள், இணையத்தில் இலவசம். கரண்ட் போன நாளுக்கும் ஆகும்.

அப்பா சொல்வது

அப்பாவின் கவலை நியாயமானது. ஆனால் கணக்கு அவர் நினைப்பதுபோல் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராக பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் மட்டும் போதாது. கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் தங்களுக்குப் பணியிடம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடுவதை அப்பாவும் செய்தியில் பார்த்திருப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நான்கு வருடம். உங்களுக்கு 31 ஆகும். அறிவிப்பு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை.

எம்.எஸ்ஸி.யை அஞ்சல் வழியில் தொடங்குங்கள். தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்பு எடுக்கவும் அது உதவும். பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் யுஜிசி அனுமதித்த தொலைநிலைப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பி.எட்.டை அதற்குப் பின் யோசிக்கலாம். இப்படிச் சொன்னால் அப்பாவுக்கும் 'பெண் என் பேச்சைத் தட்டவில்லை' என்று இருக்கும்.

மாடி அறை

எனக்குப் பிடித்த யோசனை இது. சின்னதாகத் தொடங்குங்கள். நான்கு பழைய லேப்டாப் போதும், எட்டுப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் சொல்ல மற்றவர் தட்ட வேண்டும், கால் மணிக்கு ஒருமுறை மாற வேண்டும். வசதிக்குறைவு போலத் தெரியும், ஆனால் பிள்ளைகள் தங்கள் யோசனையை வாய்விட்டுச் சொல்வது இப்படி உட்காரும்போதுதான். உங்கள் நோட்டுக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது. நெட்டை நம்ப வேண்டாம். எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த தானி என்ற பைத்தான் எடிட்டர் பழைய மெஷினிலும் நெட் இல்லாமல் ஓடும், மாறிகளில் (நான் சொன்ன கூடைகளில்) என்ன இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு, கட்டளைக் கட்டங்களை அடுக்கியே புரோகிராம் செய்யும் ஸ்க்ராட்ச். 2007-இல் எம்ஐடி வெளியிட்டது, அதற்கும் ஆஃப்லைன் வடிவம் உண்டு.

யாரைச் சேர்ப்பது? ரோபாட்டிக்ஸ் போஸ்டரைப் பார்த்து வருபவர்கள் மே மாதத்தோடு போய்விடுவார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு பைத்தான். இந்த மாற்றத்தில் தடுமாறும் பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களை டியூஷனுக்கு அனுப்பப் பெற்றோரும் தயார். ஒரு பேட்ச் அவர்களுக்கு, ஒரு பேட்ச் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு. தலைக்கு 800 ரூபாய் வைத்தாலும் இரண்டு பேட்சுக்கு 12,800. ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது அந்தப் பேச்சு.

பாடத்தைத் தமிழில் சொன்னால் மதிக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் அறைக்கு வரப்போவது வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளையும், எஸ்டேட் லைன் வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும், மலையாளம் பேசும் பிள்ளையும். மூவருக்கும் ஓரளவு பொதுவானது தமிழ்தான். இஃப், வைல், பிரின்ட் ஆகிய கட்டளைகள் அப்படியே இருக்கட்டும், அவற்றைச் சுற்றியுள்ள பேச்சு தமிழில் இருக்கட்டும். முழுக்கத் தமிழிலேயே கட்டளை எழுதும் 'எழில்' என்ற நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். ஒருநாள் காட்டுங்கள், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

தம்பிக்கு ஒரு வரி. ஏஐ எழுதும், உண்மைதான். 'நான்கால் வகுபட்டால் லீப் வருடம்' என்று மட்டும் எழுதிய ஒரு புரோகிராமைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஊட்டிக்கு ரயில் வந்த 1908-ஐப் போடச் சொல்லுங்கள். லீப் என்று வரும், சரி. 1900-ஐப் போட்டாலும் லீப் என்றே வரும். அது தப்பு, நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட வேண்டும். தப்பைப் பிடிக்கும் பிள்ளையை உருவாக்க ஒரு டெஸ்டர் போதாதா என்று தம்பியிடமே கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். வகுப்பு நேரத்தை நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் வையுங்கள். உங்கள் பக்கம் இருட்டினால் கரடியும் காட்டெருமையும் நடமாடுவதை நான் சொல்லவேண்டியதில்லை. மூன்று பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து போகிறவர்கள் என்றால் கூட ஒரு பெரியவர் வர வேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுமுன் பெற்றோரைக் கேளுங்கள். ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றி உங்களிடம் வாய்திறந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098-லும் உதவி கிடைக்கும்.

என்ன வரிசையில் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரிஜினல் சர்டிபிகேட் கைக்கு வரட்டும். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று கேளுங்கள், அது பொய்யும் இல்லை. அதற்குள் ஏஜென்சியிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு ஆன்லைன் நிறுவனத்துக்கு நோட்டீஸ், அந்த நாட்களை முழுதாக முடித்துக் கொடுங்கள். மாடி வகுப்பு அதன் மறுநாள்.

நோட்டீஸ் நாட்களில் அந்தப் பூஜ்ஜியப் பையனுக்கு வகுப்பு வந்தால், போன தடவை நெட் கட் ஆகவில்லை என்பதையும் பஸ் ஸ்டாண்டு கதையையும் அவனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.